44 நாளும் 27 ஆண்டும்

1974ஆம் ஆண்டின் லீட்ஸ் நகரத்தை வைத்து டேவிட் பீஸ் இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறார். முதலாவது, 1999இல் வந்த ‘நைன்டீன் செவன்டி ஃபோர்’. ‘ரெட் ரைடிங்’ என்று அழைக்கப்படும் நான்கு நாவல் வரிசையின் தொடக்கம். அதில் வருவது ஊழலில் ஊறிப்போன யார்க்‌ஷையர் போலீஸ். இரண்டாவது, 2006இல் வந்த ‘தி டேம்ட் யுனைடெட்’. அதில் வருவது பிரையன் கிளஃப் என்ற கால்பந்துப் பயிற்சியாளரும், லீட்ஸ் யுனைடெட் அணியில் அவர் தாக்குப்பிடித்த 44 நாட்களும். கிளஃப் செப்டம்பரில் துரத்தப்படுகிறார். போலீஸ் நாவல் அதே வருடம் டிசம்பரில் தொடங்குகிறது. ஒரே ஊர், ஒரே வருடம், நடுவில் மூன்று மாதம்.

பீஸின் வாசகர்களில் இரண்டு கோஷ்டி உண்டு. குற்றநாவல் வாசிக்கிறவர்கள் ஒரு பக்கம், கால்பந்துப் பைத்தியங்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கோஷ்டி. எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் கிளஃப் நாவலை வாசித்து, மைக்கேல் ஷீன் நடித்த 2009 படத்தையும் பார்த்துவிட்டு, ‘செம’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்கள். போலீஸ் நாவல்களின் பக்கம் போவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பயிற்சியாளரிடம் 44 நாளில் கணக்குக் கேட்க முடிந்த சமூகத்தால், ஒரு காவல்துறை அதிகாரியிடம் 27 ஆண்டுகள் ஏன் கேட்க முடியவில்லை என்ற கேள்வி இந்த இரண்டு நாவல்களுக்கும் நடுவே கிடக்கிறது. அந்த 27 ஆண்டு எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

‘பொறுப்புக்கூறல்’ என்று இப்போது எழுதுகிறோம். அறிக்கைகளுக்குப் பொருத்தமான சொல். எனக்கென்னவோ ‘கணக்குக் கேட்பது’ என்ற பழைய பேச்சுதான் சரியாகப்படுகிறது. கணக்கு என்றதும் ஒரு நோட்டு வந்துவிடுகிறது. நோட்டு வந்தால் அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கிளஃப் நாவல் முழுக்கக் கணக்குதான். ஒரு இழை தன்மையில், நிகழ்காலத்தில் ஓடுகிறது: லீட்ஸில் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே போகும் கிளஃப். இன்னொரு இழை முன்னிலையில் ஓடுகிறது. தன்னைத்தானே ‘நீ’ என்று விளித்துக்கொண்டு பழைய நாட்களைக் கிளறும் கிளஃப். அந்த இழை 1962 டிசம்பர் 26இல் தொடங்குகிறது. சண்டர்லேண்ட் அணிக்காக ஆடும்போது எதிரணி கோல்கீப்பரோடு மோதி முழங்கால் நொறுங்கிய நாள். லீக் ஆட்டங்கள் 274, கோல்கள் 251. அந்தக் கணக்கு கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது. அதன் பிறகு டார்பி அணியின் பயிற்சியாளராக 1972இல் சாம்பியன் பட்டம், 1973இல் நிர்வாகத்தோடு சண்டை, ராஜினாமா. அதன் பிறகு, தான் வாழ்நாளெல்லாம் வெறுத்த டான் ரெவியின் நாற்காலி. ரெவி வளர்த்த வீரர்களிடம் போய், நீங்கள் வாங்கிய பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள், எல்லாம் ஏமாற்றி வாங்கியது என்று முதல் சந்திப்பிலேயே கிளஃப் சொன்னதாக அந்த வீரர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆறு லீக் ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. 1974 செப்டம்பர் 12, வேலை போச்சு.

இது நியாயமா? நியாயம் இல்லை என்றுதான் வரலாறு சொல்கிறது. அடுத்த ஆறு ஆண்டுக்குள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற சாதாரண அணியை இங்கிலாந்து சாம்பியனாக்கி, 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் வாங்கிக் காட்டினார் கிளஃப். லீட்ஸ் நிர்வாகம் துரத்தியது அப்படிப்பட்ட ஆளை. ரசிகனின் நீதி முரட்டு நீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று மேட்ச் தோற்றால் வாட்ஸப் குரூப்பில் ‘கோச்சைத் தூக்கு’ என்று முதல் மெசேஜ் போடுகிற ஆள் நான்தான். ஸ்டிரைக்கர் காலியான கோலில் பந்தை மேலே அடிப்பதற்குப் பயிற்சியாளர் என்ன செய்வார்? அதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை. தோற்றோமா, ஆள் போகணும்.

ஆனாலும் அந்த முரட்டு நீதியில் ஒரு நேர்மை இருக்கிறது. ஸ்கோர் எல்லோருக்கும் ஒன்றுதான். 3-0 என்றால் தோற்ற பயிற்சியாளருக்கும் 3-0, கடைசி வரிசையில் நிற்கும் ரசிகனுக்கும் 3-0. பேட்டியில் அவர் என்ன சாக்குச் சொன்னாலும் அந்த எண்ணைத் திருத்த முடியாது. நோட்டு அவர் கையில் இல்லை. பீஸின் நாவல் மூச்சுமுட்டுவதற்குக் காரணமும் இதுதான். கிளஃப் குடிக்கிறார், கத்துகிறார், ரெவியின் மேசையைக் கோடாரியால் பிளக்கிறார் (இது நாவலாசிரியர் கைவரிசை), என்ன செய்தாலும் சனிக்கிழமை ஒன்று வரும், ஸ்கோர் ஒன்று வரும். தப்பிக்க வழியே கிடையாது.

உண்மை மனிதர்களின் பெயரோடு இப்படிக் கற்பனையைக் கலந்ததற்குப் பீஸிடமும் கணக்குக் கேட்டார்கள். லீட்ஸ் வீரர் ஜானி ஜைல்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். கிளஃபின் குடும்பத்துக்கும் புத்தகம் பிடிக்கவில்லை. நாவலாசிரியருக்கும் ஒரு ஸ்கோர்போர்டு இருக்கட்டுமே, நல்லதுதான்.

இப்போது கிளஃபை 15 ஆண்டு தாண்டிக் கூட்டிப்போகிறேன். நாவலில் இது இல்லை. 1989 ஜனவரி 18. லீக் கோப்பைக் காலிறுதியில் ஃபாரஸ்ட் 5-2 என்று ஜெயிக்கிறது. சந்தோஷத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடிவருகிறார்கள். கிளஃப் இறங்கிப்போய்க் கையில் கிடைத்த ரசிகர்களை அறைகிறார். சொந்த அணியின் ரசிகர்கள்! எல்லாம் கேமராவில் பதிவானது. கால்பந்துச் சங்கம் விசாரித்து 5,000 பவுண்டு அபராதம் போட்டு, ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கக் கூடாது என்று தடையும் விதித்தது. அடிவாங்கிய பையன்கள் வந்து மன்னிப்புக் கேட்டதும், கிளஃப் அவர்களுக்கு முத்தம் கொடுத்ததும் தனிக்கதை. தப்பு நடந்தது, எல்லோரும் பார்த்தார்கள், சில வாரத்தில் கணக்குத் தீர்ந்தது.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15, அதே ஃபாரஸ்ட் அணி லிவர்பூலோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்துக்குப் போனது.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் சுழல்வாயில்கள் போதவில்லை. வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த டேவிட் டக்கன்ஃபீல்டு, 2:52 மணிக்கு ‘சி’ கேட்டைத் திறக்க உத்தரவிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்தார்கள். எதிரே ஒரு சுரங்கப்பாதை. அது நேராக நடுவில் உள்ள இரண்டு அடைப்புகளுக்கு இறங்குகிறது. பக்கவாட்டிலும் முன்னாலும் கம்பி வேலி போட்ட கூண்டு என்றே சொல்லலாம். அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. ஓரத்து அடைப்புகளில் இடம் இருந்தது. சுரங்கப்பாதையை மூடி ஜனங்களை ஓரங்களுக்குத் திருப்பியிருந்தால் போதும். முந்தைய ஆண்டு இதே இரண்டு அணிகள் இதே மைதானத்தில் இதே அரையிறுதியை ஆடியபோது போலீஸ் அதைத்தான் செய்தது. ஆனால் முந்தைய ஆண்டின் அதிகாரி மாற்றப்பட்டிருந்தார். டக்கன்ஃபீல்டுக்குப் பதவி கிடைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. நெரிசலில் மூச்சுமுட்டி இறந்தவர்கள், பல ஆண்டு கழித்து அந்தக் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து, 97 பேர். அவர்களில் மிகச் சிறிய பையனுக்கு வயது 10.

சுரங்கப்பாதையை மூடாதது தப்பு. பெரிய தப்பு. அனுபவமில்லாத ஒருவர் நெருக்கடியில் செய்தது என்று அதற்காவது ஒரு விளக்கம் உண்டு. அடுத்து நடந்ததற்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஆட்டம் நின்ற சில நிமிடங்களில் கால்பந்துச் சங்கத்தின் தலைமை அதிகாரி கட்டுப்பாட்டு அறைக்கு வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். ரசிகர்கள் கேட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றார் டக்கன்ஃபீல்டு. திறக்கச் சொன்ன ஆளே! அந்தப் பொய் அன்று மாலைக்குள் செய்தியாகி உலகம் முழுக்கப் போனது. நான்கு நாள் கழித்து ‘தி சன்’ நாளிதழ் ‘உண்மை’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, லிவர்பூல் ரசிகர்கள் இறந்துகிடந்தவர்களிடம் திருடினார்கள், போலீஸ்மீது சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. லிவர்பூலில் பல கடைகளில் இன்றைக்கும் அந்தப் பேப்பர் விற்பதில்லை.

அப்புறம் நோட்டு விவகாரம். பணியில் இருந்த காவலர்கள் வழக்கமாகத் தங்கள் பாக்கெட் நோட்டில் சம்பவக் குறிப்பு எழுத வேண்டும். இந்தமுறை அப்படி வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லப்பட்டது. எழுதிக் கொடுத்தவை வழக்கறிஞர்களிடம் போய், இந்தப் பத்தியை எடு, இந்த வரியை மாற்று என்ற பரிந்துரையோடு திரும்பி வந்தன. 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டன. அவற்றில் 116இல், காவல்துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. இது வெளியே வந்தது 2012 செப்டம்பரில், ஹில்ஸ்பரோ சுதந்திரக் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது. சுமார் நாலரை லட்சம் பக்க ஆவணங்களைக் குழு ஆராய்ந்திருந்தது. எழுதியது ஒரு பக்கம், திருத்தியது இன்னொரு பக்கம் என்று வைத்து யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றானது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. நாங்கள் இதற்கு ‘டிஃப்’ என்போம்: சிவப்பில் நீக்கப்பட்ட வரி, பச்சையில் சேர்க்கப்பட்ட வரி. தினமும் பார்க்கிறோம். எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. சர்வர் விழுந்தால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவோம். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது விதி. குற்றம் சொன்னால் ஆட்கள் மறைப்பார்கள், மறைத்தால் காரணம் தெரியாது, அதே சர்வர் மறுபடி விழும். நல்ல விதிதான். ஹில்ஸ்பரோ பற்றிப் பேசும்போது நண்பர்கள் சிலர் இதைச் சொல்கிறார்கள்: ஒரு ஆளைத் தொங்கவிட்டு என்ன பயன், அமைப்பைத்தானே சரிசெய்ய வேண்டும்? கேட்க அழகாக இருக்கிறது. அந்த விதி எதன்மேல் நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். யாராலும் கைவைக்க முடியாத லாக் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் பெருந்தன்மையாக இருக்கிறோம். லாகையே ஒருவர் அழித்து எழுதினால் அவரை மன்னிக்க அந்த விதியில் இடமில்லை. அப்படிச் செய்தவர் மறுநாள் வேலையில் இருக்க மாட்டார்.

இந்த இடத்தில்தான் பீஸின் போலீஸ் நாவல்கள்மீது எனக்கு மனத்தாங்கல். ‘ரெட் ரைடிங்’ வரிசையின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. யார்க்‌ஷையர் ரிப்பர் என்ற பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்ற காலம்; அவனை ஒன்பது முறை விசாரித்தும் போலீஸ் கோட்டைவிட்ட காலம். ஸ்டெஃபான் கிஷ்கோ என்ற அப்பாவி, செய்யாத கொலைக்காக 1976இல் தண்டனை பெற்று 16 ஆண்டு சிறையில் கிடந்த காலம். அவர் செய்திருக்க முடியாது என்று காட்டும் மருத்துவச் சான்றே விசாரணையின்போது வெளியே வரவில்லை. பீஸின் நாவலில் மைக்கேல் மிஷ்கின் என்ற பாத்திரத்தில் கிஷ்கோவின் நிழல் விழுகிறது. இந்தப் பின்புலத்தை எடுத்துக்கொண்டு பீஸ் ஒரு நரகத்தைக் கட்டுகிறார். நிலவறைச் சித்திரவதை, ஓநாய்கள், வெட்டப்பட்ட இறக்கைகள், பித்தேறிய பிரார்த்தனை மாதிரி திரும்பத் திரும்ப வரும் வரிகள். வாசித்து முடிக்கும்போது கை நடுங்கும்.

நடுக்கம் தீர்ந்த பிறகு யோசித்தால் ஒரு சங்கடம். இந்தப் போலீஸ்காரர்கள் எல்லோரும் அரக்கர்கள். அரக்கன் என்றதும் வாசகனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, ஏனென்றால் தனக்குத் தெரிந்த யாரும் அரக்கன் இல்லை. ஹில்ஸ்பரோ ஆவணங்களில் அரக்கர்கள் இல்லை. ஆபீஸ்தான் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு பேனா, கோப்பு எண், ‘இந்த வரி தேவையா, பரிசீலிக்கவும்’ என்கிற மாதிரியான தொனி. தங்கள் தரப்பில் தலைமையே இல்லை, ரேடியோவில் உத்தரவே வரவில்லை என்று மனம்விட்டு எழுதிய காவலர்களின் வரிகள் காணாமல்போகின்றன. எழுதிய காவலர்களில் பலர் அன்று கையில் சடலங்களைத் தூக்கியவர்கள். அவர்களுடைய அதிர்ச்சியும் சேர்த்துத்தான் நீக்கப்பட்டது. இந்தச் சாதுவான குமாஸ்தா வேலையின் பயங்கரத்தை ‘ரெட் ரைடிங்’ தொடவேயில்லை. நான்கில் ‘நைன்டீன் எய்ட்டி’ மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. மான்செஸ்டரிலிருந்து ஒரு அதிகாரி வந்து யார்க்‌ஷையர் போலீஸின் கோப்புகளைத் தோண்டும் கதை அது. அதுவும் கடைசியில் ரத்தத்தில்தான் போய் முடிகிறது.

2004இல் வந்த ‘ஜிபி 84’ வேறு ரகம். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய நாவல். வேலைநிறுத்தக்காரர்களின் நாட்குறிப்பு பொடி எழுத்தில் நெருக்கமாக அச்சாகி, மற்ற அத்தியாயங்களுக்கு இடையே வந்துகொண்டேயிருக்கும். கண் வலிக்கும். ஆனால் அங்கே ஒரு போட்டி நோட்டு இருக்கிறது, போலீஸ் எழுதாத நோட்டு. எனக்கு பீஸின் சிறந்த நாவல் அதுதான்; கிளஃப் ரசிகர்கள் அடிக்க வரலாம். அந்த வேலைநிறுத்தத்தின்போது, 1984 ஜூன் 18 அன்று ஆர்க்ரீவ் என்ற இடத்தில் போலீஸ் தொழிலாளர்களை அடித்து நொறுக்கியது. 95 பேர்மீது வழக்கு. விசாரணை 48 நாள் நடந்து குப்புற விழுந்தது. வெவ்வேறு காவலர்களின் வாக்குமூலங்களில் ஒரே வாக்கியங்கள், யாரோ சொல்லச்சொல்ல எழுதியவை என்பது கோர்ட்டில் அம்பலமானது. 1991இல் 39 தொழிலாளர்களுக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்து முடித்தார்கள். எந்தக் காவலர்மீதும் நடவடிக்கை இல்லை. இதைச் செய்தது சவுத் யார்க்‌ஷையர் போலீஸ், தலைமை அதிகாரி பீட்டர் ரைட். ஐந்து வருடம் கழித்து ஹில்ஸ்பரோ நடந்தபோதும் அதே போலீஸ், அதே பீட்டர் ரைட்.

லீட்ஸ் நிர்வாகம் ஆறு ஆட்டத்தில் ஆளை மாற்றியது. இங்கே 95 பேர்மீது போட்ட வழக்கே நொறுங்கியும் ஆள் மாறவில்லை. ஆர்க்ரீவில் ஒரு தலை உருண்டிருந்தால் ஹில்ஸ்பரோவில் அந்தப் பேனா எழுந்திருக்குமா? இப்படிக் கேட்பது சரித்திரம் ஆகாது, தெரியும். ரசிகன் கேட்கிற கேள்வி இது.

டக்கன்ஃபீல்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1989 ஆகஸ்டிலேயே நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் போலீஸ் தோற்றதே முக்கியக் காரணம் என்று சொல்லிவிட்டது. நான்கே மாதத்தில்! ஆனாலும் 1991இல் முதல் மரண விசாரணை ‘விபத்து’ என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டக்கன்ஃபீல்டு உடல்நலக் காரணம் காட்டி முழு ஓய்வூதியத்தோடு வெளியேறினார். ஒழுங்கு நடவடிக்கை கைவிடப்பட்டது. 2015இல்தான், இரண்டாவது மரண விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறி, கேட் பற்றிச் சொன்னது பொய் என்றும், சுரங்கப்பாதையை மூடாததே மரணங்களுக்கு நேரடிக் காரணம் என்றும் ஒப்புக்கொண்டார். 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றது. ரசிகர்களின் நடத்தை எந்த வகையிலும் காரணமில்லை என்றது. 27 ஆண்டு. அதன் பிறகு நடந்த குற்ற வழக்கில் 2019 நவம்பரில் டக்கன்ஃபீல்டு விடுதலை.

வாக்குமூலம் திருத்திய வழக்கு 2021இல் வந்தது. முன்னாள் அதிகாரிகள் இருவர், வழக்கறிஞர் ஒருவர். நீதிபதி வழக்கை நிறுத்திவிட்டார். திருத்தவில்லை என்பதற்காக அல்ல. அந்த வாக்குமூலங்கள் டெய்லர் விசாரணைக்காகத் தயாரானவை. அது நீதிமன்ற நடவடிக்கை ஆகாது. எனவே அவற்றைத் திருத்தியது நீதியின் போக்கைக் குலைத்ததாகச் சட்டப்படி ஆகாது என்பது தர்க்கம். இதை இரண்டு முறை வாசித்துப் பாருங்கள். அடுத்த மாதமே, மூடிமறைப்பால் பாதிக்கப்பட்ட 601 பேருக்கு இழப்பீடு தர இரண்டு போலீஸ் துறைகள் ஒப்புக்கொண்டது வெளியே வந்தது. மூடிமறைப்பு உண்டு, மூடிமறைத்தவர் யாருமில்லை.

ஹில்ஸ்பரோ தொடர்பாகத் தண்டனை பெற்ற ஒரே ஆள், அந்த மைதானத்துக்குச் சொந்தமான ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பின் அன்றைய செயலர். சுழல்வாயில்கள் போதிய அளவில் இருப்பதை உறுதிசெய்யவில்லை என்பது குற்றம். 2019இல் 6,500 பவுண்டு அபராதம். கிளஃப் பையன்களை அறைந்ததற்குக் கட்டியது 5,000.

அந்தக் கிளஃப் என்ன செய்தார் தெரியுமா? அன்று எதிர் அணியின் பயிற்சியாளராக மைதானத்தில் இருந்தவர். 1994இல் தன் சுயசரிதையில், லிவர்பூல் ரசிகர்களைக் கொன்றது லிவர்பூல் ரசிகர்கள்தான் என்று எழுதினார். போலீஸின் முதல் பொய்யை ஐந்து வருடம் கழித்து அவர் குரலில் கேட்கிறோம். பின்னாளில் தனக்குத் தவறான தகவல் கிடைத்ததாக ஒத்துக்கொண்டார் என்றாலும் அடித்த அடி அடிதான். 44 நாளில் கணக்கு முடிக்கப்பட்ட வலி தெரிந்த மனிதர், நோட்டைத் தாங்களே எழுதிக்கொண்டவர்களை நம்பிவிட்டார். ‘தி டேம்ட் யுனைடெட்’டின் கிளஃபை எனக்குப் பிடிக்கும். அந்த ஆணவம், அந்தப் பயம். ஆனால் நாவலின் ‘நீ’ குரலை இப்போது கேட்கும்போதெல்லாம், 1994இல் இந்த மனிதர் தன்னை ‘நீ’ என்று கூப்பிட்டு ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளவில்லையே என்று தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளரின் கதை வேறு. கென்னி டால்கிலிஷ் மீது எந்தப் பழியும் இல்லை. ஆட்டத்தைத் திட்டமிடுவது மட்டும்தான் அவர் வேலை. அதற்குப் பிறகான வாரங்களில் அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சவ அடக்கங்களுக்குப் போனார். ஒரே நாளில் நான்குக்குப் போனதும் உண்டு. 1991 பிப்ரவரியில், எவர்டனோடு 4-4 என்று முடிந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, லிவர்பூல் லீகில் முதலிடத்தில் இருக்கும்போதே பதவியை விட்டார். ஹில்ஸ்பரோவின் பாரமும் அதில் இருந்தது என்று பிறகு சொன்னார். செய்யாத தப்பின் கனத்தைச் சுமந்தவர் அவர். அதே வருடம்தான் டக்கன்ஃபீல்டு பென்ஷனோடு வீட்டுக்குப் போனதும்.

கடைசியில் இந்தக் கணக்கைக் கேட்டது பயிற்சியாளர்கள் அல்ல, நாவலாசிரியர்களும் அல்ல. வாசகர்கள். ஆன் வில்லியம்ஸ் என்ற அம்மாவை அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய 15 வயது மகன் கெவின் அன்று இறந்தான். இறந்தவர்கள் எல்லோருக்கும் 3:15க்குள் உயிர்போகும் காயம் ஏற்பட்டுவிட்டது, அதற்குப் பிறகு நடந்தது எதையும் பார்க்க வேண்டியதில்லை என்றார் முதல் மரண விசாரணை அதிகாரி. ஆன் வாக்குமூலங்களைத் தேடி வாசித்தார். நான்கு மணிவாக்கில் கெவின் தன் கையில் ‘அம்மா’ என்று சொல்லிவிட்டு இறந்ததாக ஒரு பெண் சிறப்புக் காவலர் எழுதியிருந்தார். பிறகு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பேசியதும் அந்த வாக்குமூலம் மாறியிருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டுக்கு மேல் கதவைத் தட்டினார். 41 பேருக்குப் பிழைக்கும் வாய்ப்பு இருந்திருக்கலாம் என்று 2012இல் குழு சொன்னது. அந்த டிசம்பரில் பழைய தீர்ப்பை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. நான்கு மாதத்தில் ஆன் புற்றுநோயில் போய்விட்டார். மேக்ஸின் பீக் நடித்த ‘ஆன்’ என்ற நான்கு பகுதித் தொடர் 2022இல் ஐடிவியில் வந்தது. நல்ல நடிப்பு, கொஞ்சம் அதிகமான வயலின். அதில் எனக்குப் பிடித்தவை ஆன் அழுகிற காட்சிகள் அல்ல, மேசையில் தாள்களைப் பரப்பி உட்காரும் காட்சிகள்.

2025 செப்டம்பரில், பொது அதிகாரிகள் விசாரணைகளில் உண்மை சொல்வதைக் கடமையாக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஊர் வழக்கில் அதன் பெயர் ஹில்ஸ்பரோ சட்டம். போலீஸ் உண்மை சொல்ல வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு சட்டம், பார்த்துக்கோங்க. டிசம்பரில் போலீஸ் கண்காணிப்பு அமைப்பின் இறுதி அறிக்கை வந்தது. டக்கன்ஃபீல்டு, பீட்டர் ரைட் உள்பட 12 அதிகாரிகள் கடும் ஒழுங்கீனக் குற்றச்சாட்டைச் சந்தித்திருக்க வேண்டியவர்கள் என்றது. யார்மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது. எல்லோரும் ஓய்வுபெற்றுவிட்டார்கள், ரைட் உள்படச் சிலர் இறந்துவிட்டார்கள்.

பீஸ் ஹில்ஸ்பரோ பற்றி நாவல் எழுதவில்லை. 2013இல் வந்த ‘ரெட் ஆர் டெட்’ லிவர்பூல் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி பற்றியது. அவர் 1981இலேயே இறந்துவிட்டார். எழுதியிருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்ததுண்டு. வேண்டாம் என்றுதான் படுகிறது. ‘ஜிபி 84’ எழுதிய பீஸ் என்றால் சரி, ஓநாய்களின் பீஸ் என்றால் வேண்டாம். புதிதாக வாசிக்கப் போகிறவர்கள் ‘தி டேம்ட் யுனைடெட்’டில் தொடங்குங்கள், ‘ஜிபி 84’க்குப் போங்கள். ‘ரெட் ரைடிங்’ தைரியம் இருந்தால். அப்புறம் 2012 குழுவின் அறிக்கையில் வாக்குமூலத் திருத்தங்கள் பற்றிய பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். மெதுவாகத்தான் போகும், நடை வறட்சி. நீக்கப்பட்ட வரிகள் வரும் இடங்களில் மட்டும் நடை சட்டென்று மாறும். அங்கே எழுதியிருப்பது அந்த மத்தியானம் கூண்டுக் கம்பியைப் பிய்த்தெறிய முயன்ற ஒரு சாதாரணக் காவலர்.